சனிக்கு அப்பால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சனிக் கோளின் வளையங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு, அதற்கும் அப்பால் உள்ளவற்றைக் கேட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ, அவற்றின் துணைக்கோள்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: யுரேனஸ் வெறும் கண்ணுக்கே தெரியக்கூடியது என்று படித்தேன். அப்படியானால் நவக்கிரகங்களை வகுத்தவர்கள் அதை ஏன் விட்டுவிட்டார்கள்? 1781 வரை அது ஒருவர் கண்ணிலும் படவில்லையா? (ஆசிரியை ஒருவர், கும்பகோணம்)

பதில்: கண்ணில் பட்டிருக்கிறது, கருத்தில் படவில்லை. நிலவும் தூசியும் இல்லாத இரவில், கூரிய பார்வை உடையவருக்கு, கண்ணுக்குத் தெரியும் எல்லையை ஒட்டி யுரேனஸ் மங்கலாகத் தெரியும். ஆனால் அந்த எல்லையில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று கோள் என்று பிரித்தறிய வேண்டுமானால், அது இடம் மாறுவதைக் கவனித்தாக வேண்டும். சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது என்பது ஏழரைச் சனியின் கணக்கை அறிந்த எவருக்கும் தெரியும். சூரியனைச் சுற்றிவர 84 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் யுரேனஸுக்கோ ஒரு ராசிக்கு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு மங்கலான, இவ்வளவு மெதுவாக நகரும் புள்ளியை, தொலைநோக்கியும் துல்லியமான வரைபடமும் இல்லாத காலத்தில் ஒருவர் தொடர்ந்து கவனித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தொலைநோக்கி வந்த பிறகும் இதே கதைதான் நடந்தது. கிரீனிச் வானாய்வகத்தின் முதல் தலைவரான ஜான் பிளாம்ஸ்டீட் 1690 டிசம்பரில் யுரேனஸைப் பார்த்து, அதன் இடத்தை அளந்து, ரிஷப மண்டலத்தின் 34ஆம் விண்மீன் என்று தம் பட்டியலில் சேர்த்துவிட்டார். பிரெஞ்சு வானியலாளர் பியர் லெமோனியே 1750க்கும் 1769க்கும் இடையில் குறைந்தது 12 முறை அதைப் பதிவு செய்தும், ஒரு முறைகூட அதைக் கோளென்று அறியவில்லை. அவர் சோம்பேறி என்று பிற்காலத்தவர் சிலர் ஏளனம் செய்ததுண்டு. ஆனால் அவர் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தபோது யுரேனஸ் தன் தோற்றப் பாதையில் திசை திரும்பும் இடத்தை ஒட்டி, ஏறக்குறைய அசையாமல் நின்றிருந்தது என்பதை அந்த ஏளனக்காரர்கள் சொல்வதில்லை.

1781 மார்ச் 13 இரவு இங்கிலாந்தின் பாத் நகரில், தாமே தேய்த்து மெருகேற்றிய ஆடி பொருத்திய தொலைநோக்கியில் வில்லியம் ஹெர்ஷல் பார்த்தபோது, அவருக்கு வாய்த்த நன்மை ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து, தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்து வந்த அந்த இசைக்கலைஞரின் கருவி, அக்காலத்து வானாய்வகங்களின் கருவிகளைவிடத் தெளிவான பிம்பத்தைத் தந்தது. உருப்பெருக்கத்தை அவர் 227 மடங்கிலிருந்து 460க்கும் 932க்கும் கூட்டக்கூட்ட, அந்தப் புள்ளி மட்டும் சிறு வட்டாகப் பெரிதாகிக்கொண்டே போனது. விண்மீன்கள் அப்படிப் பெரிதாவதில்லை. அப்போதும் அவர் அதை வால்மீன் என்றே அறிவித்தார். அதன் பாதை வால்மீன்களுக்குரிய நீண்ட பாதை அல்ல, சனிக்கு அப்பால் ஏறக்குறைய வட்டமாகச் செல்லும் பாதை என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் முதன்மையானவர் ரஷ்யாவில் பணியாற்றிய ஆண்டர்ஸ் லெக்செல்.

பெயரிலும் ஒரு சிக்கல் எழுந்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரையே கோளுக்கு இட ஹெர்ஷல் விரும்பினார். பிற நாட்டார் அதை ஏற்கவில்லை. சனியின் தந்தையாகத் தொன்மத்தில் வரும் யுரேனஸின் பெயரை ஜெர்மானியரான யோஹான் போடே முன்மொழிந்தார். பிரிட்டனின் கடற்பயணப் பஞ்சாங்கம் மட்டும் 1850 வரை ஜார்ஜ் மன்னரை விடவில்லை.

கேள்வி: நெப்டியூனைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு நூலில் லெவெரியே என்றும், இன்னொன்றில் ஆடம்ஸ் என்றும், வேறொன்றில் காலே என்றும் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் என் மகனுக்கு எதைச் சொல்வது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தேர்வுக்கு எதை எழுதுவது என்பதை வினாத்தாள் தயாரிப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்கிறேன்.

யுரேனஸ் கோளென்று தெரிந்தவுடன், அதை விண்மீன் என்று எண்ணி முன்னோர் எழுதிவைத்த பதிவுகள் புதையலாக மாறின. பாதையைக் கணிக்க அவை பெரிதும் உதவும் அல்லவா? ஆனால் பழைய இடங்களும் புதிய இடங்களும் ஒரே பாதையில் பொருந்தவில்லை. 1821இல் அட்டவணை வெளியிட்ட அலெக்சி பூவார் பழைய பதிவுகளை நம்பத்தகாதவை என்று ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டார். ஒதுக்கியும் பயனில்லை, சில ஆண்டுகளிலேயே கோள் அவருடைய அட்டவணையையும் மீறி விலகியது. வெளியே இன்னொரு கோள் இருந்து அதை இழுக்கிறது என்ற ஐயம் வலுத்தது.

கேம்பிரிட்ஜில் இளைஞரான ஜான் கவுச் ஆடம்ஸ் அந்தக் கோளின் இடத்தைக் கணக்கிட்டு, 1845 அக்டோபரில் அதன் சுருக்கத்தை அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரியின் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ஏரி விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஆடம்ஸ் பதில் அனுப்பவில்லை. விஷயம் அங்கேயே நின்றது. பாரிசில் உர்பேன் லெவெரியே தனித்து அதே கணக்கைச் செய்து, கட்டுரை கட்டுரையாக வெளியிட்டார். அதைக் கண்ட பிறகே ஏரி விழித்துக்கொண்டு, கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் சாலிசைத் தேடச் சொன்னார். 1846 ஆகஸ்ட் 4, 12 ஆகிய இரு இரவுகளில் சாலிஸ் நெப்டியூனைப் பதிவு செய்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்ததால் கண்டுபிடிப்பு கைநழுவியது.

பிரான்சில் தேட ஆள் கிடைக்காத லெவெரியே, பெர்லின் வானாய்வகத்தின் யோஹான் காலேவுக்கு எழுதினார். கடிதம் 1846 செப்டம்பர் 23 அன்று சேர்ந்தது. அன்றிரவே காலேவும், அங்கே மாணவராயிருந்த ஹைன்ரிஷ் தாரெஸ்டும் தேடத் தொடங்கினர். புதிதாக அச்சிடப்பட்டிருந்த விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிடலாம் என்ற யோசனை தாரெஸ்டுடையது. காலே தொலைநோக்கியில் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல, தாரெஸ்ட் வரைபடத்தில் சரிபார்த்துவர, சிறிது நேரத்திலேயே வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி அகப்பட்டது. லெவெரியே குறித்த இடத்துக்கும் அதற்கும் இடையே ஒரு பாகைகூட இல்லை.

இதில் கொஞ்சம் நல்வாய்ப்பும் கலந்திருந்தது. லெவெரியே, ஆடம்ஸ் இருவருமே புதிய கோளின் தொலைவை உண்மையைவிட மிகையாக வைத்துக்கொண்டே கணக்கிட்டனர். யுரேனஸ் 1820களின் தொடக்கத்தில் நெப்டியூனைக் கடந்து சென்றிருந்ததால், அந்தக் காலத்து இழுவிசையின் சுவடு வலுவாக இருந்தது. தொலைவு தவறினாலும் திசை தப்பவில்லை.

இன்னும் பின்னே போனால், வியாழனின் துணைக்கோள்களை வரைந்துகொண்டிருந்த கலிலியோ, 1612 டிசம்பர் 28 அன்றும் 1613 ஜனவரி 28 அன்றும் நெப்டியூனை விண்மீனாகக் குறித்திருக்கிறார். அது பக்கத்து விண்மீனிலிருந்து சற்று விலகியது போலத் தோன்றியதையும் எழுதி வைத்திருக்கிறார். 1795 மே 8, 10 தேதிகளில் பாரிசில் வானியலாளர் லாலாந்தின் வானாய்வகத்தில் இரு முறை அளந்தபோது இடம் மாறியிருந்தது; அளவையில் பிழை என்று கருதி முதற்பதிவைத் தள்ளிவிட்டார்கள். அந்தப் 'பிழை' நெப்டியூனின் நகர்வு.

எனவே என் கணிப்பில், இடத்தைச் சொன்ன லெவெரியேவுக்கும், பார்த்த அன்றே அடையாளம் கண்ட காலே, தாரெஸ்ட் இருவருக்கும் உரிய பெருமை இது. ஆடம்சின் திறமையில் ஐயமில்லை என்றாலும், அவருடைய கணக்கைக் கொண்டு எவரும் கோளைக் கண்டறியவில்லை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதற்காக நெடுநாள் சண்டையிட்டார்கள். இன்று நெப்டியூனின் வளையங்களில் ஒன்றுக்கு லெவெரியேவின் பெயரும், அதற்கு வெளியே உள்ள வளையத்துக்கு ஆடம்சின் பெயரும், உள்ளே உள்ள ஒன்றுக்குக் காலேவின் பெயரும் சூட்டப்பட்டிருக்கின்றன.

கேள்வி: என் மகளின் பாடநூலில் யுரேனஸ் வெளிர்பச்சையாகவும் நெப்டியூன் ஆழ்ந்த நீலமாகவும் அச்சிடப்பட்டிருக்கின்றன. இரண்டிலும் ஒரே வாயுக்கள் இருக்கும்போது நிறம் மட்டும் எப்படி மாறியது? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: நல்ல கேள்வி, ஏனெனில் பாடநூல்களும் கோளரங்குகளும் பல ஆண்டுகளாக இதில் தவறிழைத்து வந்திருக்கின்றன. இரு கோள்களின் வளிமண்டலமும் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனது. சிறிதளவு கலந்துள்ள மீத்தேன் சிவப்பொளியை உறிஞ்சிவிடுவதால் எஞ்சிய ஒளி பசுநீலமாகத் திரும்பி வருகிறது. 1989இல் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய நெப்டியூன் படங்களில், மேகங்களும் கரும்புள்ளியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நிறவேறுபாட்டைக் கூட்டி வெளியிட்டார்கள். அப்போது படத்துக்குக் கீழே அந்த விளக்கமும் இருந்தது. படம் ஊர் ஊராகப் பயணம் செய்தது. விளக்கம் உடன் வரவில்லை. ஆக்ஸ்போர்டின் பேட்ரிக் இர்வின் குழுவினர் ஹபிள் தொலைநோக்கி முதலியவற்றின் அளவைகளைக் கொண்டு 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், இரு கோள்களும் ஏறக்குறைய ஒரே வெளிர் பசுநீல நிறம் கொண்டவை என்றும், நெப்டியூன் ஒரு சாயல் மட்டுமே கூடுதல் நீலம் என்றும் காட்டினார்கள். யுரேனஸின் மேலே உள்ள மூடுபனிப் படலம் சற்றுத் தடிமனாக இருப்பதே அந்தச் சிறு வேறுபாட்டுக்குக் காரணம்.

கேள்வி: யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடித்ததில் எங்கள் பக்கத்துக் காவலூர் வானாய்வகத்துக்கும் பங்கு உண்டு என்று என் தாத்தா சொல்லுவார். இது ஊர்ப்பெருமையா, உண்மையா? (கல்லூரி மாணவர், ஆலங்காயம்)

பதில்: உண்மைதான், ஆனால் அந்த உண்மையை அளவு தவறாமல் சொல்ல வேண்டும்.

தொலைவிலுள்ள ஒரு கோள், தன் பாதையில் செல்லும்போது எப்போதாவது ஒரு விண்மீனை நமக்கு மறைக்கும். கிரகணம் போன்றதே இதுவும். விண்மீனின் ஒளி ஒரே வெட்டில் அணையாமல், கோளின் வளிமண்டலத்தினூடே படிப்படியாக மங்குவதால், அந்த மங்கலை ஒளிமானியால் அளந்தால் வளிமண்டலத்தின் இயல்பை அறியலாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கலான விண்மீனை மறைக்கவிருந்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், ஜெசிக்கா மிங்க் ஆகியோர் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்திய கூய்ப்பர் வானூர்தி ஆய்வகத்தில் ஏறி இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்குப் பறந்தார்கள். ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில், 1972இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கியின் பின்னே ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் இருந்தார்கள்.

வானூர்தியில் இருந்தவர்கள் குறித்த நேரத்துக்கு நாற்பது நிமிடங்கள் முன்னதாகவே கருவியை இயக்கிவைத்தது பெரும் பேறாயிற்று. கோள் விண்மீனை நெருங்கும் முன்பே, விண்மீன் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து முறை கண் சிமிட்டியது. முதலில் மேகமோ கருவிக் கோளாறோ என்று ஐயுற்றார்கள். சிறிய துணைக்கோள்கள் மறைத்திருக்கலாம் என்றும் கருதினார்கள். விண்மீன் கோளின் மறுபுறம் வெளிவந்த பின்னும் அதே ஐந்து சிமிட்டல்கள், அதே தொலைவுகளில், வரிசை மட்டும் தலைகீழாகப் பதிவாயின. துணைக்கோள்கள் இருபுறமும் இப்படிக் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்து அமைவது நடவாத காரியம். வளையங்கள் என்றால் மட்டுமே பொருந்தும்.

காவலூரிலும் விண்மீன் மங்கியது பதிவாயிற்று. அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்று மறைத்ததன் விளைவாகக் கருதி, பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 1977இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பின்னர் பதிவை மீண்டும் ஆராய்ந்து, பட்டாச்சார்யாவும், அந்த வானாய்வகத்தை உருவாக்கியவரும் பிற்பாடு அதற்கே பெயராக அமைந்தவருமான வைணு பாப்புவும், சனியைப் போன்ற வளைய அமைப்பு யுரேனஸைச் சூழ்ந்திருப்பதைப் பற்றி அதே ஆண்டில் அதே இதழில் எழுதினார்கள். ஆகவே, வளையம் என்று முதலில் தெளிந்து சொன்ன பெருமை எலியட் குழுவினருக்கே உரியது. அந்த இரவில் அந்த வளையத்தின் நிழல் தமிழ்நாட்டு மலையொன்றிலும் அளக்கப்பட்டது என்பதும் மறுக்க முடியாதது. இதே தொலைநோக்கி 1972 ஜூனில், நிறுவிய சில காலத்துக்குள்ளேயே, வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அளந்ததும் உண்டு. உங்கள் தாத்தாவிடம் இதையும் சொல்லுங்கள்.

அந்த வளையங்கள் ஏன் அதுவரை தெரியவில்லை என்றால், அவை கரியைப் போலக் கறுத்தவை, அதோடு மிக ஒடுங்கியவை. பல வளையங்களின் அகலம் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டாது. அவற்றுள் பெரியதான எப்சிலான் வளையம்கூட 20 முதல் 96 கிலோமீட்டர் அகலமே உடையது. அதன் சுற்றளவோ மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல். அதற்கு உள்ளும் புறமும் செல்லும் கார்டீலியா, ஒஃபீலியா என்ற இரு சிறு துணைக்கோள்கள், ஆட்டு மந்தையை இருபுறமும் நின்று ஓட்டும் மேய்ப்பர்களைப் போல, வளையத்தின் துகள்கள் சிதறாமல் காக்கின்றன. இன்று அறியப்பட்ட வளையங்கள் 13.

கேள்வி: யுரேனஸில் கோடைக்காலம் இருபது ஆண்டுகளா? (எட்டாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: ஆம், ஒவ்வொரு பருவமும் ஏறக்குறைய 21 ஆண்டுகள். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. யுரேனஸின் அச்சு 98 பாகை சாய்ந்து, கோள் பக்கவாட்டில் படுத்துருள்வது போலச் சுற்றுகிறது. அதனால் ஒரு துருவத்தில் 42 ஆண்டுகள் பகல், அடுத்த 42 ஆண்டுகள் இரவு. கோள் உருவான காலத்தில் பூமியளவுள்ள ஏதோவொன்று மோதியதால் சாய்ந்திருக்கலாம் என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கோடை என்றதும் வெயிலை நினைத்துவிடாதே. அங்கே குறைந்தபட்ச வெப்பநிலை மைனஸ் 224 செல்சியஸ். சூரியனுக்கு இன்னும் தொலைவிலுள்ள நெப்டியூனில்கூடக் கோள்களில் இவ்வளவு குளிர் பதிவானதில்லை. நெப்டியூன் சூரியனிடமிருந்து பெறுவதைப் போல இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தை வெளியிடுகிறது, யுரேனஸின் உள்வெப்பமோ மிகச் சொற்பம்.

கேள்வி: நெப்டியூனின் ட்ரைட்டன் மட்டும் எதிர்த்திசையில் சுற்றுவது ஏன்? (வாசகர், கோவை)

பதில்: அது அங்கே பிறந்த பிள்ளை அல்ல என்பதால்.

கோளைச் சூழ்ந்த வாயு, தூசு வட்டிலிருந்து உருவாகும் துணைக்கோள், கோள் சுழலும் திசையிலேயே சுற்றும். 2,707 கிலோமீட்டர் விட்டமுள்ள ட்ரைட்டனோ நெப்டியூனின் சுழற்சிக்கு எதிராக, ஆறு நாட்களுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. பெரிய துணைக்கோள்களில் இப்படிச் சுற்றுவது இது ஒன்றே. நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பொருள்கள் நிறைந்த கூய்ப்பர் பட்டையில் புளூட்டோவைப் போலத் திரிந்துகொண்டிருந்த அது நெப்டியூனிடம் சிக்கியிருக்க வேண்டும். ஆனால் வேகமாக வந்துபோகும் ஒரு பொருளைச் சும்மா பிடித்து நிறுத்திவிட முடியாது. அதன் வேகத்தை யாரேனும் குறைக்க வேண்டும். ட்ரைட்டன் ஓர் இணையோடு ஒன்றையொன்று சுற்றியபடி வந்ததாகவும், நெப்டியூனின் அருகில் அந்த இணை பிரிந்து, ஒன்று வெளியே வீசப்பட, மற்றது வேகமிழந்து சிக்கியதாகவும் கிரெய்க் அக்னரும் டக்ளஸ் ஹாமில்டனும் 2006இல் சொன்ன விளக்கம் எனக்கு நிறைவளிக்கிறது. வந்தேறியான ட்ரைட்டன் அங்கே முன்பிருந்த துணைக்கோள்களை நிலைகுலைத்திருக்க வேண்டும். இன்று நெப்டியூனைச் சுற்றும் பொருள்களின் மொத்த நிறையில் 99 விழுக்காட்டுக்கு மேல் ட்ரைட்டன் ஒன்றிலேயே இருப்பது அதனால்தான் போலும்.

அதைக் கண்டறிந்தவர் லிவர்பூலில் பீர் வடித்துச் செல்வம் சேர்த்து, அதைத் தொலைநோக்கிகளில் செலவிட்ட வில்லியம் லாசல். நாள் 1846 அக்டோபர் 10, நெப்டியூன் அகப்பட்டதிலிருந்து பதினேழே நாட்கள். வாயேஜர் 2 ஆகஸ்ட் 1989இல் அருகே சென்றபோது, மைனஸ் 235 செல்சியஸில் உறைந்து கிடந்த அந்த உலகத்தில் கருந்தூசு கலந்த நைட்ரஜன் ஊற்றுகள் எட்டுக் கிலோமீட்டர் உயரம் எழுந்து, காற்றில் வளைந்து நீண்டிருந்ததைக் கண்டது. செத்துப்போன பனிக்கட்டியை எதிர்பார்த்தவர்களுக்கு அது பெரும் வியப்பு.

எதிர்த்திசைச் சுற்றுக்கு ஒரு விலையும் உண்டு. நம் நிலா ஆண்டுதோறும் சிறிது விலகிச் செல்கிறது. ட்ரைட்டன் சிறிது நெருங்கி வருகிறது. இன்னும் சுமார் 360 கோடி ஆண்டுகளில் அது நெப்டியூனின் ஈர்ப்பால் சிதைந்து வளையமாகக்கூடும்.

கேள்வி: புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து நீக்கியது அநியாயம் அல்லவா? (இக்கேள்வியை மட்டும் பதினொருவர் கேட்டிருக்கிறார்கள்.)

பதில்: 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகாவில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து அதைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியதைப் பற்றி எழுதி அலுத்துவிட்டது. வாக்குக்கு வெகு முன்பே புளூட்டோ தானாகச் சுருங்கிக்கொண்டு வந்த கதையே சுவையானது என்பதால் அதைச் சொல்கிறேன்.

நெப்டியூன் கிடைத்த பின்னும் யுரேனஸின் பாதையில் சிறு பொருத்தமின்மை மிஞ்சியிருப்பதாகக் கருதிய பெர்சிவல் லோவல், பூமியைப் போலப் பல மடங்கு நிறையுள்ள ஒரு கோளை எதிர்பார்த்து, அமெரிக்காவின் அரிசோனாவில் தாம் நிறுவிய வானாய்வகத்தில் தேடிக்கொண்டே இறந்தார். 1915இல் அங்கே எடுத்த ஒளிப்படத் தகடுகளில் புளூட்டோ இருந்ததை அவரும் அறியவில்லை. 1930 பிப்ரவரி 18 அன்று, ஜனவரி 23, 29 தேதிகளின் தகடுகளை மாறிமாறிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இருபத்து நான்கு வயது கிளைட் டாம்பா, இடம் பெயர்ந்த ஒரு புள்ளியைக் கண்டார். கோளுக்குப் புளூட்டோ என்ற பெயரைச் சொன்னவள் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பதினொரு வயதுச் சிறுமி வெனிஷியா பர்னி.

தொடக்கத்தில் அது பூமிக்கு நிகரான நிறையுடையதாகக் கருதப்பட்டது; மதிப்பீடு ஒவ்வொரு தலைமுறையிலும் குறைந்துகொண்டே வந்தது. 1978 ஜூன் 22 அன்று, அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் ஜேம்ஸ் கிறிஸ்டி, சரியாகப் பதிவாகாதவை என்று ஒதுக்கத்தக்க சில படங்களில் புளூட்டோவின் உருவம் ஒருபுறம் புடைத்திருப்பதையும், அருகிலுள்ள விண்மீன்களில் அப்புடைப்பு இல்லாததையும் கவனித்தார். புடைப்பு 6.4 நாட்களில் சுற்றி வந்தது. அதுவே சாரோன் என்னும் துணைக்கோள். துணைக்கோள் ஒன்று கிடைத்தால் கோளின் நிறையைத் துலாக்கோலில் வைத்தது போல அளந்துவிடலாம். அளந்தபோது புளூட்டோ பூமியில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்குதான். அது யுரேனஸை அசைக்கவே முடியாது. பின்னர் வாயேஜர் 2 நெப்டியூனின் நிறையைச் சரியாக அளந்து தந்ததும், மைல்ஸ் ஸ்டாண்டிஷ் அதைக் கொண்டு கணக்கைத் திருத்திப் பார்த்தார். லோவல் துரத்திய பொருத்தமின்மையே மறைந்துவிட்டது. இல்லாத கோளைத் தேடப்போய் டாம்பாவுக்குக் கிடைத்தது புளூட்டோ.

2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகே சென்று படமெடுத்தபோது, பள்ளங்களே இல்லாத நைட்ரஜன் பனிச் சமவெளியும், அதன் கரையில் நீர்ப்பனியால் ஆன மலைகளும் தெரிந்தன. வகைப்பெயரை மாற்றியதால் அந்த மலைகளின் உயரம் குறைந்துவிடவில்லை.

கேள்வி: சனிக்கு 274 துணைக்கோள்கள் என்கிறார்கள். யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் இவ்வளவு குறைவாக இருப்பது ஏன்? (வாசகர், சேலம்)

பதில்: இருப்பது குறைவு என்று சொல்வதைவிட, தெரிவது குறைவு என்பதே சரி. சூரிய ஒளி அங்கே போய்த் திரும்பி வர வேண்டும். தொலைவு இரட்டித்தால், திரும்பி வரும் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. சனியைச் சுற்றும் ஒரு துணைக்கோளை அப்படியே எடுத்து நெப்டியூனிடம் வைத்தால் அது ஏறக்குறைய நூறு மடங்கு மங்கிவிடும். சனிக்கு 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 துணைக்கோள்கள் சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அளவேயான துண்டுகள். நெப்டியூனுக்கு 2024இல் எண்ணிக்கை 16 ஆயிற்று. யுரேனஸுக்கு 28 என்றிருந்ததை, 2025இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டறிந்த சுமார் பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள ஒன்று 29 ஆக்கியது. யுரேனஸின் துணைக்கோள்களுக்குத் தொன்மப் பெயர்களை விட்டு, ஷேக்ஸ்பியர், அலெக்சாண்டர் போப் ஆகியோரின் பாத்திரப் பெயர்களை இடும் வழக்கத்தைத் தொடங்கியவர் ஹெர்ஷலின் மகன் ஜான்.

கேள்வி: வாயேஜர் 2க்குப் பிறகு இந்த இரு கோள்களுக்கும் எந்த விண்கலமும் போகாதது ஏன்? (வாசகி, பெங்களூரு)

பதில்: தொலைவும் பணமும்தான். 1970களின் இறுதியில் வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கும், ஒன்றின் ஈர்ப்பால் உந்தப்பட்டு அடுத்ததற்குச் செல்லத்தக்கவாறு அமைந்திருந்தன. அத்தகைய அமைப்பு சுமார் 175 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும். 1977இல் கிளம்பிய வாயேஜர் 2 அதைப் பயன்படுத்திக்கொண்டு, 1986 ஜனவரி 24 அன்று யுரேனஸையும், 1989 ஆகஸ்ட் 25 அன்று நெப்டியூனையும் கடந்தது. கடந்துதான் சென்றது, நிற்கவில்லை. யுரேனஸின் காந்தப்புலம் விசித்திரமானது என்று நாம் படித்ததில் ஒரு பகுதி, அந்தச் சில நாட்களில், சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்று வழக்கத்துக்கு மாறாக அதை அமுக்கியிருந்ததன் விளைவு என்று 2024இல் பழைய தரவுகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு வந்தவன் ஊரைப் பற்றிச் சொன்னது போலத்தான். யுரேனஸைச் சுற்றிவரும் விண்கலம் ஒன்றை அனுப்புவதே அடுத்த பெருந்திட்டமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க வானியலாளர்கள் 2022இல் பரிந்துரைத்தார்கள். புறப்பட்டாலும் போய்ச்சேரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும்.

கேள்வி: இவற்றுள் ஒன்றையாவது எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்க்க முடியுமா? (ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், விருதுநகர்)

பதில்: யுரேனஸைப் பார்க்கலாம். புளூட்டோவுக்கும் ட்ரைட்டனுக்கும் பெரிய தொலைநோக்கி வேண்டும். நெப்டியூனுக்கு நல்ல இருகண் நோக்கியும் வரைபடமும் பொறுமையும் வேண்டும்.

2026 டிசம்பரில், நிலவில்லாத நாளில், தெருவிளக்கு கண்ணில் அடிக்காத மூலையில் நின்றுகொள்ளுங்கள். கார்த்திகை மீன் கூட்டத்தை எளிதில் அடையாளம் காண்பீர்கள். அதிலிருந்து செந்நிற ரோகிணியை நோக்கிச் செல்லும் வழியில், கார்த்திகையை ஒட்டிய பகுதியை இருகண் நோக்கியால் துழாவி, அங்கே தெரியும் புள்ளிகளைத் தாளில் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்கும்போது ஒன்று மட்டும் சற்று இடம் மாறியிருக்கும். பிளாம்ஸ்டீட் 1690 டிசம்பரில் பார்த்து 34 என்று எண்ணிட்ட அந்த 'விண்மீன்' இதுதான். நான்கு சுற்றுக்கு 336 ஆண்டுகள் என்ற கணக்கில், அவர் பார்த்த அதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது.